மாமல்லபுரத்தில் ஒரு லீவு நாள்

அண்ணனுக்கு ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதையும் தூங்கியே தீர்ப்பான். போன வாரம் அவனை எழுப்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கூட்டிப் போனேன்.

நீங்களும் போனால், வெயில் ஏறும் முன் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிடுங்கள். அர்ச்சுனன் தபசில் கை தூக்கித் தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள். காலடியில் எலிகள் இருக்கும். சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த பழைய முருகன் கோயிலையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஐந்து ரதங்கள். வேலை பாதியில் நின்றுபோன அந்தக் கற்களை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தான். "1300 வருஷமாச்சு, ஒருத்தரும் டார்கெட் கேட்கலையேடா!" என்று சிரித்தான்.

அவன் சிரித்துப் பார்த்து எத்தனை மாசமாச்சு! அடுத்த லீவுக்கு அம்மாவையும் கூட்டிப் போகணும்.