ஆட்டப் பெட்டியும் ஏட்டுச் சுவடியும்

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவன நாணயங்கள், அஞ்சல்தலைகள், செப்பேடுகள், ஓலைச்சுவடிகள். இவ்வரிசையில் வீடியோ கேம் பெட்டிகளையும் அவற்றின் கேசட்டுகளையும் வைத்துப் பேசுவதற்குத் தமிழ்த்துறை மலரில் இடம் உண்டா என்று வினவுவோர் இருக்கலாம். உண்டு என்பதே என் கருத்து. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் ஆட்டக்காய்களை, 2023ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்த்து வியக்கிறோம். ஆடிய நாளில் அவையும் வெறும் கைப்பொருள்களாகவே இருந்திருக்கும். சங்கப் பாடல்களில் ஓரையும் கழங்கும் பந்தும் பயின்று வருவதை வகுப்பில் விரித்துரைக்கும் நாம், நம் தெருப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை மட்டும் ஏன் பேசாது விடவேண்டும்?

இதுபற்றி நான் எண்ணத் தலைப்பட்டது என் தங்கை மகனால். மேடவாக்கம் கூட்டுரோட்டிற்கு அருகில் எங்கள் இரு வீடுகளும் அடுத்தடுத்த தெருக்களில் உள்ளன. கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் அவன், வேலையில் சேர்ந்த நாள்முதல் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை ஆறு லட்சம் ரூபாய். அதனை மாம்பாக்கம் பக்கம் ஒரு மனைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் தந்தையாரின் விருப்பம். அவனோ, உறை பிரிக்கப்படாத பழைய வீடியோ கேம்களை ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரவழைத்துப் பத்தாண்டுகள் பொறுத்திருந்தால், மனையைக் காட்டிலும் பன்மடங்கு விலை பெறலாம் என்றான். "மாமா, நீங்கள் சொன்னால்தான் அத்தா கேட்பார். ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று என்னை நடுவராக்கிவிட்டான். ஒருபுறம் மச்சான், மறுபுறம் மருமகன். பாடம் படிக்காமல் தீர்ப்புச் சொல்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே ஒரு மாத அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

அவன் கூற்று வெறுங்கற்பனை அன்று என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 'பேமிகாம்' என்னும் ஆட்டப் பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. 1985இல் அதற்கென வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' உலகப் பிள்ளைகளை ஆட்கொண்டது. அவ்வழியில் 1996இல் வந்த 'சூப்பர் மரியோ 64' ஆட்டத்தின் படி ஒன்று, 2021 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. இத்தனைக்கும் அது அரிய பொருளும் அன்று. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் படிகள் விற்ற ஆட்டம் அது. பின் எதற்கு அவ்விலை? அதன்மேல் சுற்றப்பட்டிருந்த மெல்லிய உறை கிழியாமல் இருந்ததற்கு. அதனை ஆராய்ந்து பத்துக்கு 9.8 என்று மதிப்பெண் இட்டு, ஒளிபுகும் பேழைக்குள் அடைத்துத் தந்தது ஒரு தரச்சான்று நிறுவனம். தேர்வுத் தாள் திருத்தும் நாமே அவ்வளவு தாராளமாக மதிப்பெண் இடுவதில்லை!

ஆடப்படாத ஆட்டத்திற்கே விலை. யாரேனும் ஒரு சிறுவன் ஆவலோடு பிரித்து ஆடியிருந்தால் அதன் மதிப்பு மண்ணோடு மண். இஃது எனக்கு விந்தையாகப் பட்டது. படிக்கப்படாத நூலைத்தான் வாங்குவேன் என்று ஒருவர் நூலகம் அமைப்பதை ஒக்கும். மேலும், பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய அவ்விலைகள் நெடுநாள் நிற்கவில்லை. 2022இல் அமெரிக்காவில் தரச்சான்று நிறுவனத்தின் மீதே, சந்தையைச் செயற்கையாக உயர்த்தியதாகக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுக்கப்பட்டது. மனைக்குப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் உண்டு. கடல் கடந்த நாட்டில் சிலர் விரும்பினால் ஏறி, சலித்தால் இறங்கும் விலைக்கு என்ன சான்று உண்டு? ஒரு மாதம் முடியுமுன்பே இவ்வளவில் என் மனம் மச்சான் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆயினும் வழக்கு அதனோடு முடிந்துவிடவில்லை. மருமகனிடம் வேறொரு பெட்டி இருந்தது. அவன் பெருமையோடு காட்டாமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்த அதில்தான் என் நெஞ்சம் சென்றது.

1990களின் இறுதியில் மேடவாக்கம் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். நகரம் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் தெருமுனையில் ஒருவர் இரண்டு வண்ணத் தொலைக்காட்சிகளை வைத்து வீடியோ கேம் கடை நடத்திவந்தார். ஒரு மணி நேரத்திற்குப் பத்து ரூபாய். அங்கிருந்தவை நிண்டெண்டோவின் பெட்டிகள் அல்ல. அவற்றைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர், மைக்ரோ ஜீனியஸ் என்று பெயர்கள் பலவாயினும் உள்ளிருந்த அறிவு ஒன்றே. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அவை குவிந்து கிடந்தன. ஆட்டங்கள் அடங்கிய செவ்வகத் துண்டை நம் பிள்ளைகள் 'கேசட்' என்றே வழங்கினர். பாட்டுக் கேசட் போல அதில் நாடா ஏதும் இல்லை. சில்லு ஒன்றே உண்டு. செருகிக் கேட்பது எதுவாயினும் கேசட் என்று மக்கள் பெயரிட்டுக்கொண்டனர். அப்பெயரை மாற்ற எந்தக் கலைச்சொல் அகராதியாலும் இயலாது.

கேசட்டின் முகப்பில் 9999999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஐந்தாறு ஆட்டங்களே வெவ்வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் வரும். அந்த ஏமாற்றம் எவரையும் வருத்தியதாக நினைவில்லை. கான்ட்ராவும் மரியோவும் இருந்தால் போதும். திரையில் படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அதன் வாயில் ஊதி, மறுபடி செருகுவர். ஊதினால் சரியாகும் என்ற நம்பிக்கை ஜப்பான்முதல் மேடவாக்கம்வரை ஒன்றுபோல் இருந்தது வியப்பே. உண்மையில் பயன் தந்தது ஊதியது அன்று, பிடுங்கி மறுபடி செருகியதே. வாயின் ஈரம் செப்புப் பற்களில் படிந்து நாளடைவில் களிம்பேற்றியது. இன்று சேகரிப்போர் அக்களிம்பைத் தூய ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்கின்றனர்.

அக்கடை மூடப்பட்டபின் கடைக்காரர் தம் கேசட்டுகளைச் சாக்கு மூட்டைகளில் கட்டிக் கீழ்த்தள அறையில் வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தனையும் மூன்று நாள் நீரில் ஊறின. பின்பு பாய், தலையணைகளோடு அவையும் குப்பை வண்டியேறிப் பெருங்குடிக் குப்பைமேட்டிற்குப் போய்ச் சேர்ந்தன. இதனை அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு வேறொரு புதையல் நினைவுக்கு வந்தது. 1983இல் அட்டாரி என்னும் அமெரிக்க நிறுவனம் விற்காமல் தேங்கிய தன் கேசட்டுகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அவற்றைத் தோண்டியெடுத்தனர். நசுங்கி நாறிக் கிடந்த அவற்றை அந்நகராட்சி ஏலமிட, ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. இருவகையும் குப்பைக்குப் போனவைதாம். அவற்றிற்கு வரலாறு எழுத ஆள் இருந்தது. பெருங்குடியில் புதைந்தவற்றிற்கு ஒரு வரி எழுதுவாரும் இலர்.

மருமகன் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பெட்டியில் இருந்தவை இந்த நகல்களே. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவ்வப்போது வாங்கியவை. பழைய டிரங்க் சாலையில் கூடும் அச்சந்தையை அறியாதார் தென்சென்னையில் குறைவு. செடி, புறா, கட்டில், கேமரா, தட்டச்சுப்பொறி, அறுந்த கம்பி என அங்குக் கிடையாதது இல்லை. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபின் பழம்பொருள் தேடுவோர்க்குப் போக்கிடம் அது ஒன்றே என்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவனோடு நானும் சென்றேன். தார்ப்பாய்மேல் பரப்பிய மின்பொருள் குப்பையில் ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினான். பின்புறத்தில் நீல மையில் ஒரு சிறுவனின் பெயரும், ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்றும் எழுதப்பட்டிருந்தது. "அம்பது ரூபா சார், ஓடுமான்னு தெரியாது" என்றார் விற்றவர். தரச்சான்று நிறுவனம் பார்த்தால் அவ்வெழுத்துக்காகவே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். எனக்கோ, ஓலைச்சுவடியின் இறுதியில் ஏடெழுதினவன் தன் பெயரும் நாளும் குறித்து வைத்ததைக் கண்டாற்போல் இருந்தது.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை இம்மலரின் வாசகர்கள் அறிவர். நூல்களோடு, பிறர் எடைக்குப் போட்ட நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்துவைத்த பெருமகனார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. 1994இல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று நம் மேடவாக்கத்திலிருந்து எட்டும் தொலைவில், தரமணியில் இருக்கிறது. அவர் சேர்த்தபோது அவற்றிற்குச் சந்தை விலை ஏதும் இல்லை. விலை இருந்தவற்றைப் பலர் காத்தனர். விலை இல்லாதவற்றைக் காக்க அவர் ஒருவரே முன்வந்தார்.

வீடியோ கேம்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என 2023இல் அந்நாட்டு வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முறையாக வெளியிடப்பட்ட ஆட்டங்களின் நிலையே இதுவென்றால், நகல்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மரியோவின் மூலப் படி ஆயிரம் இடங்களில் காக்கப்படும். சென்னைச் சிறுவன் ஆடிய கேசட்டை, தவறான எழுத்துக்கூட்டலோடு அச்சிட்ட அதன் ஒட்டுத்தாளை, ஜப்பானியரும் அமெரிக்கரும் வந்து காப்பாரா?

ஆகவே தீர்ப்பை இரண்டாகச் சொன்னேன். ஆறு லட்சம் மனைக்குப் போகட்டும். மாதச் சம்பளத்தில் இரண்டாயிரம் ரூபாய் பல்லாவரம் சந்தைக்கு. அதற்கு மச்சான் தடை சொல்லலாகாது. அச்செலவு திரும்பும் என்று மருமகனும் எதிர்பார்க்கலாகாது. இருவர் முகத்திலும் முழு மகிழ்ச்சி இல்லை. "குப்பைக்கு மாதம் இரண்டாயிரமா மச்சான்?" என்றார் அவர். எனினும், வெள்ள நினைவில், பெட்டிகளைத் தரையில் வைக்காதே என்று பரணில் இடம் ஒதுக்கித் தந்தவரும் அவரே.

காப்பது வாங்குவதினும் கடினம் என்பதை இப்போது காண்கிறேன். கடற்காற்றின் ஈரம் ஒருபுறம். ஞெகிழி உடல் வெயிலில் பழுத்து மஞ்சளாகிறது. ஆட்டநிலையைச் சேமிக்கும் மூலக் கேசட்டுகள் சிலவற்றினுள் ஒரு நாணய வடிவ மின்கலம் உண்டு. அது தீர்ந்தால் முன்பு ஆடியவனின் சேமிப்பெல்லாம் மறைந்துபோம். நகல்களில் சில்லின்மேல் கறுப்புப் பிசின் துளியை ஊற்றி மூடியிருப்பதால், அது கெட்டால் பழுது பார்க்க வழியில்லை. 37 பெட்டிகளுக்கும் வாங்கிய நாள், இடம், விலை, நிலை ஆகியவற்றைக் குறித்து ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். தமிழில் எழுதவேண்டும் என்பது நான் விதித்த நிபந்தனை.

வாத்து சுடும் ஆட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அதன் துப்பாக்கி, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் திரையில் ஒளி தோன்றும் கணத்தை உணர்ந்தே குறியை அறியும். இக்காலத் தட்டைத் திரையில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து வீழாது. படக்குழாய்க்கு எங்கே போவது? விடை நம் மாநிலத்திலேயே இருந்தது. 2006 தேர்தல் வாக்குறுதியின்படி தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி! காயலான் கடைகளில் ஒரு காலத்தில் அடுக்கடுக்காய்க் கிடந்த அவையும் இப்போது அருகிவிட்டன. மூன்று வெள்ளிக்கிழமைகள் அலைந்தபின் அரசு முத்திரை அழியாத ஒன்று நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது. பதிவேட்டில் அதற்கு 38 என்று எண் இட்டோம். முதல் வாத்தைச் சுட்டு வீழ்த்தியவர் மச்சான்.