ஜனவரிவரை ஒரு நெஞ்சு வலி

2017-இல் நியூ ஜெர்சியில், மாதப் பிரீமியம் குறைவென்று, உயர் டிடக்டபிள் காப்பீட்டைத் தேர்ந்தேன். அமெரிக்காவில் பணியிடக் காப்பீடு பெற்ற 18–64 வயதினரில் 2007-இல் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இவ்வகையில் இருந்தனர். அவ்வாண்டோ 43 விழுக்காட்டினர். ஆண்டுதோறும் முதல் 2,600 டாலர் மருத்துவச் செலவு எங்களுடையது. அதன் பிறகே நிறுவனம் தரும். வருடாந்தப் பரிசோதனை மட்டும் இலவசம்.

நவம்பரில் நெஞ்சில் இறுக்கம். ஜனவரியில் கணக்குப் புதிதாகத் தொடங்கும்; இப்போது செலவழிப்பது வீண் என்றெண்ணி, ஐந்து வாரம் மனைவியிடமும் மறைத்தேன். ஒரு ஃபஜ்ரில் சுஜூதிலிருந்து எழ இயலவில்லை.

“உடம்பு அல்லாஹ்வின் அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வீர்களே மச்சான், அதை ஜனவரிவரை தள்ளிவைக்க யார் அனுமதித்தது?” என்றாள்.

அன்றே சென்றோம். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. இதயம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். பில்லைத் தவணையில் அடைத்து முடிக்க ஜூன் ஆயிற்று.