துளையிட்ட ரொட்டியின் நாட்டிலே...

'ரை' என்றொரு தானியம் உண்டு. வடநாட்டில் 'ராய்' என்றால் கடுகு, இது அதுவன்று. கோதுமைக்கு நெருங்கிய உறவு. ஆனால் நிறத்தில் சாம்பல் பூத்தது, சுவையில் சற்று முரடானது. கோதுமை தாங்காத குளிரையும் தாங்கி வளரும் இத்தானியத்தை நம்பியே ஒரு நாடு பல நூற்றாண்டுகள் உயிர் வாழ்ந்திருக்கிறது. அதுதான் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து. 2017ஆம் ஆண்டு தனது விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, தேசிய உணவு எதுவென்று அந்நாட்டு மக்களிடம் வாக்கெடுத்தார்கள். மீனும் இறைச்சியும் பின்தங்க, ரை ரொட்டியே வென்றது!

தலைநகர் ஹெல்சிங்கிக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமானால், கடைவீதிகளோடு திரும்பிவிடாதீர்கள். நகரின் மேற்கே செயுரசாரி என்னும் சிறு தீவு இருக்கிறது. வெண்ணிற மரப்பாலத்தின் வழியே நடந்தே சென்றுவிடலாம். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மீண்டும் பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். 1909ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம் அது. வீடுகளின் உட்புறத்தைக் காணக் கோடைக்காலமே ஏற்றது.

அந்நாட்டின் கிழக்கும் மேற்கும் ரொட்டியிலேயே பிரிந்து நின்றன என்பது வியப்பான செய்தி. கிழக்கு வீடுகளில் குளிர் போக்கவும் சமைக்கவும் ஒரே பெரிய அடுப்பு. அது ஓயாமல் எரிந்தது. எனவே வாரந்தோறும் ரொட்டி சுட்டார்கள். அது தடித்து, உருண்டு, மென்மையாக இருந்தது. மேற்கிலோ ஆண்டுக்கு இரண்டொரு முறைதான் ரொட்டிக்கென அடுப்பை மூட்டினார்கள். பல மாதங்களுக்கு வேண்டியதை ஒரே மூச்சில் சுட்டுத் தீர்த்தார்கள். தட்டையான வட்டம், நடுவே ஒரு துளை! அத்துளை அழகுக்காக அன்று. நீண்ட கழியில் ரொட்டிகளைக் கோத்துக் கூரையடியில் தொங்கவிட்டால், அவை காய்ந்து மரப்பலகைபோல் இறுகி, பூசணமும் எலியும் அண்டாமல் மாதக்கணக்கில் இருக்கும். அவ்வீட்டுக் குழந்தைகள் அண்ணாந்து பார்த்தே வீட்டின் இருப்பைக் கணக்கிட்டிருப்பார்கள்!

கழிகள் வெறுமையான ஆண்டுகளும் உண்டு. ரை விதையை ஆகஸ்டில் தூவுவார்கள். முளைத்த பயிர் பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் விழித்து, மறு ஆண்டுக் கோடை முடிவில்தான் அறுவடைக்கு வரும். 1867ஆம் ஆண்டு வசந்தம் வரவேயில்லை. ஏரிகளின் பனிக்கட்டி ஜூன் வரை உருகவில்லை. செப்டம்பர் தொடக்கத்திலேயே உறைபனி திரும்பி வந்து, எஞ்சிய பயிரையும் கருக்கியது. 1866 முதல் 1868 வரை நீடித்த அப்பஞ்சத்திலும், அதன் பின்னே வந்த நோய்களிலும் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் மாண்டனர். மக்கள் ஊசியிலைப் பைன் மரத்தின் உட்பட்டையை உரித்து, உலர்த்தி, இடித்து, இருக்கும் கொஞ்ச மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். பஞ்ச காலங்களில் அம்மக்களுக்குப் பழக்கமான கலவைதான் அது. மீந்த ரொட்டித் துண்டைக் கூசாமல் குப்பையில் எறியும் நாம், மரப்பட்டையைத் தின்றவர்களைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இனி ரொட்டியின் உயிருக்கு வருவோம். தயிருக்கு உறை எப்படியோ, ரை மாவுக்குப் புளித்த பழைய மாவு அப்படி. பின்லாந்து மக்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'மாவின் வேர்' என்று பொருள்படும். எவ்வளவு பொருத்தமான பெயர்! மாவு பிசையும் மரத்தொட்டியை அவர்கள் கழுவமாட்டார்கள். சுரண்டி மட்டுமே வைப்பார்கள். பலகையில் ஒட்டிக் காய்ந்த மாவிலேயே அடுத்த தடவைக்கான புளிப்பு உறங்கிக் கிடக்கும். வெந்நீரும் மாவும் பட்டவுடன் விழித்துக்கொள்ளும்.

இப்புளிப்பு வெறும் சுவைக்காக அன்று. கோதுமை மாவைப் பிசையப் பிசைய, குளுட்டன் என்னும் பசைப்புரதம் வலைபோல் பின்னி மாவைத் தாங்குகிறது. ரை மாவில் அந்த வலை உருவாவதில்லை. அதிலுள்ள வேறொரு பிசின் நீரை உறிஞ்சிக் களிமண்போல் கையைப் பற்றிக்கொள்கிறது. அன்றியும், அடுப்பின் சூட்டில் ரை மாவின் நொதிகள் மாச்சத்தை விரைந்து சிதைப்பதால் ரொட்டியின் உட்புறம் கொழகொழத்துப் போகும். புளிப்பிலுள்ள அமிலமே அந்நொதிகளை அடக்குகிறது.

ஒரு தொட்டி நிறைந்த அக்களிமண்ணைக் கைகளால் பிசைந்த பெண்களின் தோள்வலியை யார் எழுதி வைத்தார்கள்? ஆகவே இன்று ஃபுட் பிராசஸர் வாங்கி வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணைச் 'சோம்பேறி' என்று பழிப்போருடன் நான் சேரமாட்டேன். 1971இல் பிரான்சில் வீட்டு உபயோகத்திற்கென வந்து, 1973இல் அமெரிக்காவிலும் அறிமுகமான இக்கருவி, காய்கறி நறுக்குவதோடு நில்லாமல் மாவும் கலக்கும். ரை மாவுக்கு நீண்ட பிசைதல் தேவையில்லையாதலால் நாற்பது விநாடிகளே போதும். அதற்குமேல் சுழலவிட்டால் மாவு சூடேறும், மோட்டாரும் திணறும். ஆனால் ஒன்று: தோளின் உழைப்பைத்தான் இக்கருவி மிச்சப்படுத்துகிறது, புளிப்பதற்கான காலத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அதனால் குறைக்க முடியாது.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளுக்கு ரை மாவு எளிதில் கிட்டும் என்பதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிச் சாடியில் 50 கிராம் ரை மாவும் அதே எடை வெதுவெதுப்பான நீரும் கலந்து, மூடியை இறுக்காமல் வையுங்கள். நாள்தோறும் பாதியை அகற்றி, புதிய மாவும் நீரும் சம எடையில் சேர்த்து வந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் குமிழிகளும் இனிய புளிப்பு மணமும் தோன்றும். துர்நாற்றமோ பூசணமோ கண்டால் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வேர் தயாரானதும், ஓர் இரவு அதில் 100 கிராம் எடுத்து, 200 கிராம் மாவும் 250 கிராம் நீரும் கலந்து மூடி வையுங்கள். காலையில் 100 கிராமை மறவாமல் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். அதுவே அடுத்த ரொட்டியின் வேர். வாரம் ஒருமுறை அதற்கு மாவும் நீரும் கொடுங்கள்.

எஞ்சியதைப் பிராசஸரில் இட்டு, 300 கிராம் மாவு, 9 கிராம் உப்பு, 100 கிராம் குளிர்ந்த நீர் சேர்த்து, விட்டு விட்டுச் சுழற்றுங்கள். கிண்ணம் சிறியதானால் இரு தடவையாகச் செய்யலாம். மாவு உருண்டையாகத் திரளாது; கவலை வேண்டாம். ஈரக்கையால் எடுத்து இரண்டு வட்டங்களாக, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, சிறு குவளையால் நடுவே துளையிடுங்கள். மேலே மாவு தூவி, துணியால் மூடி, பரப்பில் மெல்லிய வெடிப்புகள் காணும்வரை விட்டுவிடுங்கள். இதற்கு ஒன்றரை மணி நேரமோ, குளிர்ந்த சமையலறையில் இன்னும் கூடுதலாகவோ ஆகலாம். பிறகு 225 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் அரைமணி நேரம் சுடுங்கள்.

மணம் மூக்கைத் துளைக்கும். பிள்ளைகள் கத்தியோடு வந்து நிற்பார்கள். அன்றே வெட்ட விடாதீர்கள். உள்ளே இன்னும் ஈரமிருக்கும். துணியில் சுற்றி வைத்து, மறுநாள் ரொட்டியைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, உட்புறத்தில் வெண்ணெய் தடவிக் கொடுங்கள்.