சாவிக்கொத்தும் ஒரு சின்ன ட்யூபும்

தாய்மாமன் உத்தியோகம் லேசானதில்லை ஸார். மொட்டை அடிக்கும்போது மடி கொடுக்க வேண்டும். காது குத்தும்போது 'வீல்' என்று கத்துகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, ஆசாரியையும் பார்க்காமல் அக்காவையும் பார்க்காமல் மோட்டுவளையைப் பார்க்க வேண்டும். செயின், சட்டை, சீர் என்று பி.எஃப். லோன் தனி. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த அயிட்டங்கள். எந்தச் சம்பிரதாயத்திலும் சொல்லாத ஒரு கடமை போன வருஷம் என் தலையில் வந்து விழுந்தது. மருமகனுக்கு வலிப்பு வந்தால், பின்பக்கமாக மருந்து ஏற்றுவது!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'மருந்து கொடுக்கப் பயிற்சி' என்று நான் லீவு லெட்டர் எழுதி, மேனேஜர் 'என்ன பயிற்சி?' என்று விசாரித்தபோது மொத்த ஆபீஸும் சிரித்தது.

அக்கா வீடு துறையூர் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில். அத்தான் மஸ்கட்டில். நான் துறையூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அக்கா வீட்டில் ஓசிக் குடித்தனம். மருமகனுக்கு 3 வயசு. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். 6 மாசத்திலிருந்து 5 வயசு வரை, நூற்றில் 2 முதல் 5 குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டாம். பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானாக நின்றுவிடும். வளர்ந்ததும் காணாமலே போய்விடும். எங்கள் ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரன். இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் 10 நிமிஷத்தைத் தாண்டியது. திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டாவது முறை அந்த ஒன்றரை மணி நேரத்தில் அக்கா கும்பிடாத சாமி இல்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல நீங்கதானே ஆம்பளை ஆள்? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்கதான் ஆஸ்பத்திரி. கத்துக்கோங்க" என்று டயஸெபாம் ட்யூப் எழுதிக் கொடுத்தார். கட்டைவிரல் நீளத்தில் பிளாஸ்டிக் ட்யூப். உள்ளே மருந்துத் தண்ணி. நீண்ட மூக்கு.

"ஏன் டாக்டர், வாய் வழியா..?"

"வலிப்பு வந்தா பல்லு கிட்டிக்கும். வாயில எதை ஊத்தினாலும் மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஊசின்னா நரம்பு தேடணும், உங்களால ஆகாது. பின்பக்கம் ரத்தக் குழாய் நிறைய. அங்க வெச்சா மருந்து சீக்கிரம் ரத்தத்துல சேர்ந்துடும். அதுல ஒரு பங்கு கல்லீரலுக்குப் போகாம நேரா உடம்புக்குள்ள போகுது. சில நிமிஷத்துல மூளைக்கு எட்டிடும்."

"மூக்குல அடிக்கிற மிடஸோலம் ஸ்பிரே இருக்காமே?" - இது என் செல்போன் ஞானம்.

"இருக்கு. நல்லாவே வேலை செய்யுது, கூச்சமும் இல்லை. ஆனா உங்க பையனுக்கு எப்பப் பார்த்தாலும் மூக்கு ஒழுகிட்டே இருக்கே!"

அப்பீல் தள்ளுபடி.

பயிற்சி ஒரு கரடி பொம்மையின் மேல் நடந்தது. நர்ஸம்மா ரொம்பக் கறார். பொம்மையை ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். மேல்கால் முட்டியை முன்னுக்கு மடக்கணும். ட்யூப் மூடியைத் திருகி எடுத்து, நுனியில் வழுக்குகிற ஜெல் தடவணும். அவனுக்கென்று டாக்டர் காட்டிய அளவு மட்டும் மெதுவாக நுழைக்கணும்; தடுத்தால் முட்டக் கூடாது. மருந்து தீரும் வரை அழுத்தணும். வெளியே எடுக்கும்போதும் அழுத்தின விரலை விடக் கூடாது. விட்டால் மருந்தை ட்யூபே திரும்பக் குடித்துவிடும். அப்புறம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளணும், மருந்து வழியாமல். ட்யூபில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் பதற வேண்டாம். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் அளவு வைத்திருக்கிறார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு வேடிக்கை. குழந்தைக்குக் கிலோவுக்கு அதிகமாகவும், பெரியவர்களுக்குக் கிலோவுக்குக் குறைவாகவும் வேண்டிய மருந்து இது. அதனால் 'பெரியவங்க டோஸ்ல பாதி' என்கிற வீட்டுக் கணக்கு செல்லாது. வயசும் எடையும் பார்த்து டாக்டர் எழுதுவதுதான். எடை ஏறினால் அளவும் மாறும். ஒருவன் பெயருக்கு எழுதினதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "யாருக்கு ஸார்?" இந்த மருந்து ஷெட்யூல் எச்1. 2014 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிற சட்டம். சீட்டில்லாமல் தரக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 3 வயசுப் பயல் பெயர் அந்த நோட்டில் கெத்தாக ஏறியது.

பக்கத்து ஸீட் நண்பன் சும்மா இருப்பானா? என் மேஜைமேல் அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டான். "டேய், டயஸெபாம்! வேலியம்தானே இது? ஆடிட்டர் வந்தா எனக்குக் கை உதறுது. ஒண்ணு குடேன்."

எந்த வழியாக என்று விளக்கினேன். கேன்டீன் பக்கம் ஓடியவன், சாயங்காலம்தான் ஸீட்டுக்குத் திரும்பினான்.

மாத்திரையாக இருந்திருந்தால் ஓடியிருக்க மாட்டான். அதுதான் கவலை. ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்கிற விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்து, 1963-ல் வேலியம் என்ற பெயரில் அமெரிக்கக் கடைக்கு வந்த மருந்து இது. படபடப்புக்கும் தசைப்பிடிப்புக்கும் கொடுத்தார்கள். உலகமே விழுங்கியது. பிற்பாடுதான் தெரிந்தது, பழகிவிட்டால் விடாது என்று. தினம் போட்டுப் பழகினவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். ஆமாம் ஸார், வலிப்பை நிறுத்துகிற மருந்தை நிறுத்தினால் வலிப்பு! ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே விட்டுவிட வேண்டாம். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதன்மேல் ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால், அல்லது அபின் வகை வலி மருந்து சேர்ந்தால், மூச்சு மந்தமாகி நின்றுபோகலாம். ஆடிட்டருக்குப் பயந்து எமனைக் கூப்பிடுவானேன்? படபடப்பு தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். மருமகன் டப்பாவில் கை வைக்கக் கூடாது.

அந்த டப்பாவுக்கு வேலை வந்தது ஒரு ஐப்பசி ராத்திரி. 1.42 மணி. காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த பயல் சட்டென்று விறைத்தான். கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்ட ஆரம்பித்தன. அக்கா போட்ட அலறலில் தெருவே எழுந்துவிட்டது.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்குக் கீழே மடித்த துண்டு. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்த சொம்பைத் தள்ளினேன். கை காலை அழுத்திப் பிடிக்கவில்லை. வாயில் ஸ்பூன் வைக்கவில்லை. "108 போடுக்கா" என்றேன். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பீரோ சாவிக்கொத்தோடு வந்துவிட்டாள். "கையில இரும்பைக் குடுடா! பாத்துக்கிட்டு நிக்கிறியே, கல்நெஞ்சுக்காரா!" இன்னொருவர் வெங்காயம் நசுக்கிக்கொண்டிருந்தார். செருப்பும் வந்தது.

பெரும்பாலான வலிப்பு 2, 3 நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். சாவி தேடி எடுத்து வந்து கையில் திணிக்க அவ்வளவு நேரம் ஆகும். நின்றதும் பேர் சாவிக்குப் போய்விடும். இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக நம் ஊரில் இரும்பு வைத்தியராகிவிட்டது. கெடுதல் சாவியால் இல்லை. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்தால், அடங்காத அந்தச் சில வலிப்பில் நேரம் போய்விடும். 5 நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் தானாக நிற்பது கஷ்டம். நீண்டுகொண்டே போனால் மூளைக்கே ஆபத்து. அதனால்தான் டாக்டர் சீட்டில் '5 நிமிஷம்' என்று கோடு போட்டிருந்தார். சிலருக்கு வேறு நேரம் எழுதித் தருவதுண்டு. அவரவர் சீட்டுதான் அவரவர் சட்டம்.

அந்த 5 நிமிஷம் இருக்கிறதே... பரீட்சை ரிசல்ட், இன்டர்வியூ, எதுவும் கிட்டே வராது. உதடு நீலம் பாய்கிற மாதிரி இருக்கிறது. கடிகார முள் நகரவே மாட்டேன் என்கிறது.

1.47. ட்யூபை எடுத்தேன். "எல்லார் முன்னாடியுமாடா?" என்று அக்கா தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்கும் புரிந்தது. எதிர்வீட்டு அண்ணி சட்டென்று தன் முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "நீ போடு தம்பி" என்றாள். கரடி பொம்மை ஒத்துழைத்த அளவுக்கு மருமகன் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் விரலுக்குப் பாடம் ஞாபகம் இருந்தது.

1.50-க்கு உதறல் தளர்ந்தது. 1.51-க்கு நின்றது. பயல் பெருமூச்சு விட்டுத் தூங்கினான். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, என் சாவிதான்டா!" அவள் எப்போதோ அவன் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்திருந்தாள்.

மருந்து வேலை செய்தபிறகும் பார்வை எடுக்கக் கூடாது. ஒருக்களித்தபடியே வைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதையும் உதட்டு நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு மந்தமானாலோ, மருந்து கொடுத்து 5 நிமிஷம் ஆகியும் நிற்காவிட்டாலோ, திரும்ப வந்தாலோ, அது ஆஸ்பத்திரி வேலை. டாக்டர் சொல்லாமல் இரண்டாவது ட்யூப் கிடையாது. நன்றாகத் தெளிகிற வரை தண்ணிகூடக் கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பு வருகிறவருக்கு 5 நிமிஷக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். உடனே 108.

ஆம்புலன்ஸ் வந்ததும் காலி ட்யூபையும், காலண்டர் தாளில் கிறுக்கிய 1.42, 1.47, 1.51 என்ற மூன்று எண்களையும் கொடுத்தேன். டியூட்டி டாக்டர் அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார். மறுநாள் மத்தியானம் பயல் எழுந்து இட்லி கேட்டான்.

இப்போது சீட்டின் ஜெராக்ஸ் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. இன்னொன்று பால்வாடி டீச்சரிடம். ட்யூப் வெயில் படாத அலமாரியில், பயல் கைக்கு எட்டாத உயரத்தில். எக்ஸ்பயரி தேதி என் செல்போன் அலாரத்தில்.

பாட்டியோடு நான் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த தடவையும் சாவியோடுதான் வருவாள். அவளுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மணி பார்க்கத் தெரியாது என்றாள். "பெரிய முள்ளை மட்டும் பாருங்க பாட்டி. ஒரு நம்பர் கிட்டேர்ந்து அடுத்த நம்பருக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் நகர்ந்ததும் குரல் கொடுங்க."

"அவ்வளவுதானா? அதுக்கு ஏன்டா இந்தப் பாடு?" என்றாள்.

அவ்வளவுதான் பாட்டி. அதுதான் 5 நிமிஷம்.