கரடியேரிப் பூதம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் யூட்டா, ஐடஹோ என்னும் இரு மாநிலங்களின் எல்லையிற் கிடப்பது கரடியேரி. ஏறத்தாழ 20 மைல் நீளமும் 8 மைல் அகலமும் உடையது. நீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணத் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்தலால் அது நீலப்பச்சை மணிபோல் விளங்கும். உலகில் வேறெங்கும் காணப்பெறாத நால்வகை மீன்கள் அதன்கண் வாழ்கின்றன. இத்துணைச் சிறப்புடைய ஏரிக்குப் பெரும்பெயர் தந்ததோ இல்லாத ஒரு விலங்கு!

1868-ஆம் ஆண்டில் ஜோசப் ரிச் என்பார், சால்ட் லேக் நகரத்து 'டெசரெட் நியூஸ்' இதழுக்கு ஒரு கடிதம் விடுத்தார். ஏரியுள் பாம்பினத்து விலங்கொன்று உண்டு. அதன் கால்கள் 18 அங்குலம். அவற்றாற் கரைமேற் சிறிது தொலைவு ஊர்ந்து வரும். வாயினின்று நீரை மேல்நோக்கிப் பீச்சும். நீந்துவாரைப் பற்றிச் செல்லும். இவ்வாறு அந்நாட்டுத் தொல்குடியினர் கூறுவர் என்று எழுதினார். பள்ளத்தாக்கிற் காட்டெருமைகள் திரிந்த காலத்திற்குப் பின் அவர்கள் அதனைக் கண்டதில்லை என்றும், அண்மையில் வெள்ளையர் கண்டனர் என்றும் சேர்த்தார். பொய்யுரைப்பார் 'மிகப் பெரிது' என்ற அளவில் நின்றுவிடுவர். இவரோ அளவுகோலைக் கையில் எடுத்தார்! அத்திறத்தை வியவாதிருத்தல் எமக்கு இயலவில்லை.

26 ஆண்டுகள் கழித்து, அது தாம் புனைந்த பொய்யே என அவர் ஒப்புக்கொண்டார். விலங்கோ மாளவில்லை. 2002-ஆம் ஆண்டிலும் அதனைக் கண்டதாக ஒருவர் உரைத்தார்.

விளையாட்டுப் பொய்யை யாமும் சுவைப்போம். எம்மை உறுத்துவது, அதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டவர் யாவர் என்பதே. அவ்விடத்துத் தொல்குடியினர் ஷோஷோனியர். 1863 ஜனவரி 29-ஆம் நாள் கரடியாற்றங்கரையில் அவருட் சில நூற்றுவரை, பெண்டிரும் குழவியரும் உட்பட, அமெரிக்கப் படையினர் கொன்று குவித்தனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே, ரிச்சின் தந்தையார் சார்ல்ஸ் ரிச் தலைமையில் மார்மன் சபையார் ஏரிப் பள்ளத்தாக்கிற் குடியேறினர். ஐந்தே ஆண்டுகள் கழிந்தபின், அம்மக்கள் கூற்றென இக்கதை அச்சேறியது.

ஏடு பதிப்பிப்போர், எது மூலம், எது இடைச்செருகல் என்று வரிதோறும் வினவுவர். இக்கதையை 'ஷோஷோனியர் பழங்கதை' என்று தொகுப்போரும் அங்ஙனம் வினவுதல் வேண்டும் அன்றோ? 1868-ஆம் ஆண்டுக் கடிதத்தில் நாம் கேட்பது ரிச்சின் குரலே. ஆயினும், காட்டெருமை நீங்கியது பற்றிய அவ்வொரு வரி மட்டும் விளையாட்டாகப் படவில்லை. அதனைப் புனைய அவருக்குத் தேவையிருந்திராது. பள்ளத்தாக்கிற் காட்டெருமை மெய்யாகவே அற்றுப்போயிருந்தது.