காருக்குப் பாட்டு செட்டு: இருபதாயிரத்துக்குள்ள

போன பதிவு மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி. இந்தப் பதிவு அந்த மஞ்சள் வித்த காசு எங்க போச்சுங்கிறதைப் பத்தி. கூட்டுறவுக் கடன், உரக்கடை பாக்கி, பையனோட பள்ளிக்கூட பீஸ் எல்லாம் போக கையில நின்னதுல 20,000 ரூபாயைத் தனியா எடுத்து வச்சு, காருக்குப் பாட்டு செட்டு மாத்தினேன். "களை எடுக்கக் கூலி கொடுக்கவே வழியைக் காணோம், இவனுக்குப் பாட்டு கேக்குதாக்கும்"னு ஊர்ல பேச்சு வந்துச்சு. வந்துட்டுப் போகட்டும்.

காரணத்தைச் சொல்லிடறேன். அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். கோபி பக்கத்துல இருந்து ஈரோடு போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நடுவுல ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் படுக்கை. திரும்பி வரும்போது அம்மாவுக்குப் பேசத் தெம்பு இருக்காது. பாட்டுதான் துணை. அந்தப் பாட்டையும் ஒரு நாள், "நிறுத்திரு சாமி, இரைச்சலாத்தான் இருக்குது, என்ன பாடறாங்கன்னு ஒண்ணும் புரியல"ன்னு சொல்லிருச்சு. காது மெஷின் இருக்கு. காருக்குள்ள அதுலயும் இரைச்சல்தான் வருதுன்னு கழட்டி மடியில வச்சுக்கும்.

சத்தத்தைக் கூட்டினா சரியாயிடும்னுதான் யாருக்கும் தோணும். ஆகாது. வயசாகும்போது காது முதல்ல இழக்கறது உச்ச சுருதியைத்தான். தமிழ்ல சொன்னா, உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவிடும். அ, ஆ, ஓ எல்லாம் பலமான ஒலி, தாழ்ந்த சுருதியிலயே தெரிஞ்சிடும். ச, த, க, ட இதுங்களோட அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கு. அது கேட்கலைன்னா பாட்டு வரும், வார்த்தை வராது. அதனால நான் தேடினது பெரிய சத்தம் இல்ல. வல்லினம் வல்லினமா கேட்கணும், அவ்வளவுதான்.

முதல்ல டவுன்ல ஒரு கடைக்குப் போனேன். கடைத் தம்பி என்னைப் பார்த்ததும், "அண்ணா, 12 இஞ்ச் பாஸ் பாக்ஸ் ஒண்ணு டிக்கியில போட்டுருங்க, பின்னாடி 1000 வாட் ஆம்ப், சும்மா அதிரும்"னு ஆரம்பிச்சாரு. அதிர்ச்சி எங்க ரோட்டுலயே நிறைய இருக்குதுங்க. யோசிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டு, எங்க ஊர் ரேடியோ செட்டு அண்ணன்கிட்ட போனேன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் நாப்பது வருசமா குழாய் கட்டறவரு.

அவர் கேட்ட முதல் கேள்வி: "நம்ம நோம்பிக் குழாய் எத்தனை வாட்டுன்னு நினைக்கிற?"

நூறு இருக்கும்னேன். சிரிச்சாரு. முப்பது வாட்டுதான். அது பக்கத்து ஊர் வரைக்கும் கேட்குது. ஏன்னா, குழாய் கொடுக்கற கரண்டை வீணாக்காம ஒலியா மாத்தித் தள்ளுது. கார் ஸ்பீக்கர் அட்டையிலயும் இதுக்கு ஒரு எண் போட்டிருப்பாங்க. சென்சிட்டிவிட்டின்னு பேரு, டெசிபல்ல இருக்கும். 3 டெசிபல் கூடுதலா இருந்தா, அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். அதாவது 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டுல கொடுக்கறதை, 89 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்க 40 வாட் வேணும். அட்டையில பெருசா "350 வாட்"னு இருக்கறதைப் பார்க்காதீங்க. சின்ன எழுத்துல இருக்கற ஆர்.எம்.எஸ். வாட்டையும் சென்சிட்டிவிட்டியையும் பாருங்க.

ஸ்டீரியோ அட்டையிலயும் "50 வாட் x 4"னு போட்டிருக்கும். வண்டி ஓடும்போது லைன்ல இருக்கறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். சாதாரண ஸ்டீரியோவுக்குள்ள இருக்கற சிப் ஒலி சிதையாம எட்டக்கூடிய உச்சமே கணக்குப்படி ஒரு சேனலுக்கு 26 வாட். இழப்பு போக 20 கிடைச்சா நல்லது. அதுக்கு மேல திருகினா சத்தம் கூடும், கூடவே கரகரப்பும் கூடும். அந்தக் கரகரப்புல முதல்ல அடிபடறது வார்த்தைதான்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. "காசை முதல்ல கதவுல போடு, தம்பி."

கார் கதவுக்குள்ள பார்த்தா வெறும் தகரம், ஊடால பெரிய பெரிய ஓட்டை. ஸ்பீக்கர் கோன் முன்னாடி காத்தைத் தள்ளும்போதே பின்னாடி காத்தை இழுக்கும். அந்த ஓட்டை வழியா பின்பக்க அலை முன்பக்கம் வந்து சேர்ந்தா, தாழ்ந்த ஒலி ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். மடை உடைஞ்ச வாய்க்கால்ல மோட்டாரைப் பெருசாக்கி என்ன பிரயோசனம்? அதனால ரெண்டு முன் கதவுக்கும் அலுமினியத் தாள் ஒட்டின பியூட்டைல் ஷீட் வாங்கி, வெளித் தகரத்துல உள்பக்கமா ஒட்டி, உள் தகரத்து ஓட்டைகளையும் மூடினோம். ஒண்ணு மட்டும் கவனிக்கணும். கதவோட அடியில சின்னச் சின்ன வடிகால் துளை இருக்கும், அதை மூடக்கூடாது. கண்ணாடி வழியா இறங்கற மழைத்தண்ணி போக வேற வழி கிடையாது.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. தகரம் அதிர்றது குறையறதால ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் அடங்குது. இரைச்சல் குறைஞ்சாலே வார்த்தை மேல வரும்.

அடுத்தது ஸ்பீக்கர். கோ-ஆக்சியல், காம்பொனென்ட்னு ரெண்டு வகை. கோ-ஆக்சியல்ல ட்வீட்டர் ஸ்பீக்கர் நடுவுலயே உக்காந்திருக்கும், விலை கம்மி, மாட்டறதும் சுலபம். காம்பொனென்ட்ல ட்வீட்டர் தனி, கூடவே எந்த ஒலி எதுக்குப் போகணும்னு பிரிச்சு விடற கிராஸ்ஓவர் ஒண்ணு. உச்ச சுருதி டார்ச் வெளிச்சம் மாதிரி, நீட்டின பக்கம்தான் போகும். கதவுக்குக் கீழ இருக்கற ட்வீட்டர் முழங்காலுக்குத்தான் பாடும். காம்பொனென்ட் வாங்கினதால, ட்வீட்டரை முன் கண்ணாடி ஓரத் தூண்ல வச்சு, அம்மா உக்கார்ற இடது சீட்டுப் பக்கம் திருப்பி வைக்க முடிஞ்சுது. கடையில இருந்த பயனியர், ஜேபிஎல், சோனி மூணையும் கேட்டுப் பார்த்தேன். எது எதுன்னு பேர் பார்க்காம, அம்மாவுக்கு எதுல வார்த்தை தெரிஞ்சுதோ அதை எடுத்தேன்.

ஆமாங்க, அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுத்தான் போனேன். சோதனைக்குப் பென் டிரைவ்ல மூணு வகை வச்சிருந்தேன். முதலாவது நாகசுரக் கச்சேரி. தவில்ல வலந்தலையில கூடு போட்ட விரல் அடிக்கறதும், இடது பக்கம் குச்சி அடிக்கறதும் தனித்தனியா விழணும். ரெண்டும் சேர்ந்து மொத்துன்னு கேட்டா அந்த ஸ்பீக்கர் வேண்டாம். ரெண்டாவது, சுசீலாம்மா பாடின 60கள் காலத்துப் பாட்டு. அந்தக் காலப் பதிவு பெரும்பாலும் மோனோ. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே ஒலி வர்றதால குரல் நடுவுல நிக்கணும். குரல் எங்கிருந்து வருதுன்னே தெரியாம பரவிக் கிடந்தா, ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ், மைனஸ் மாறியிருக்குன்னு அர்த்தம். 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு நொடி வச்சாலே தெரிஞ்சிடும். பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டா கோன் வெளிய வரும். மூணாவது, பட்டிமன்றப் பேச்சு. வார்த்தைத் தெளிவைச் சோதிக்கப் பேச்சை விட நல்லது எதுவும் இல்ல.

ஸ்டீரியோவை மாத்தல, கம்பெனி கொடுத்ததே போதும். அதுல ஆம்புக்குத் தனியா பிரீ-அவுட் கிடையாது. அதனால ஸ்பீக்கர் வயர்ல இருந்தே சிக்னல் எடுக்கற ஹை லெவல் இன்புட் உள்ள நாலு சேனல் ஆம்ப் பார்த்தோம், சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். ரெண்டு சேனல் முன் ஸ்பீக்கருக்கு. மீதி ரெண்டு இப்போதைக்குச் சும்மா இருக்கு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்கு அனுப்பாம வடிகட்டி விட்டோம், சொட்டு நீருக்கு ஃபில்டர் போடற மாதிரி. தேவையில்லாத பாரம் குறைஞ்சதுல நடு ஒலி சுத்தமாச்சு.

வயர் விசயத்துல நம்மாளுங்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். மோட்டார் கட்டறவனுக்குச் செம்பு எது, செம்பு முலாம் பூசின அலுமினியம் எதுன்னு தெரியும். உங்களுக்கு: பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம். பேட்டரியில இருந்து வர்ற வயர்ல, பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். வயர் எங்கயாவது தகரத்துல உரசி ஷார்ட் ஆனா வண்டியைக் காப்பாத்தறது அதுதான். இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

செலவுக் கணக்கு: கதவு ஷீட் 2,400. ஸ்பீக்கர் 5,800. ஆம்ப் 7,500. வயர், ஃபியூஸ் எல்லாம் 1,900. மாட்டற கூலி 1,500. பாட்டை எல்லாம் நல்ல தரத்துல ஏத்தி வைக்கப் புது பென் டிரைவ் 500. மொத்தம் 19,600. வாட்ஸப்புல சுத்தி வந்த பாட்டைப் போட்டா இந்தச் செலவு அத்தனையும் வீண். ஃபைல்லயே போன ஒலியை எந்த ஆம்பும் கொண்டு வராது.

அம்மாவோட காது இதனால சரியாயிடல. மெஷின் இப்பவும் மடியிலதான். ஆனா போன வாரம் திரும்பி வரும்போது, கவுந்தப்பாடி தாண்டி, பட்டிமன்றத்துல ஒருத்தர் ஏதோ சொன்னாரு. நான் லாரிக்கு வழி விட்டுட்டு இருந்தேன், காதுல வாங்கல. அம்மா சிரிச்சுது. "என்னம்மா சொன்னாரு?"ன்னு கேட்டேன். முழுசா திருப்பிச் சொல்லுச்சு, மாமியார் பேச்சு, மருமக பேச்சுன்னு குரல் மாத்தி. டயாலிசிஸ் முடிஞ்ச அன்னைக்கு அம்மா அவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சு.

சும்மா இருக்கற அந்த ரெண்டு சேனலுக்கு ஒரு சின்ன சப்ஊஃபர் போடணும்னு பையன் நச்சரிக்கறான். அடுத்த மஞ்சள் விலையைப் பார்த்துட்டுத்தான். நீங்க வாங்கப் போறீங்கன்னா, வீட்டுல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போங்க. முன் சீட்டுல உக்கார வச்சு, பேச்சைப் போட்டு விட்டு, என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. சரியா பதில் வர்ற ஸ்பீக்கரை எடுங்க.