எது ஆடுகிறது என்று கேளுங்கள்

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வருவது "சத்தம் போடாதே" என்பதுதான். பிள்ளை கரண்டியால் தட்டைத் தட்டும், நாற்காலியைத் தரதரவென்று இழுக்கும், காலி டப்பாவுக்குள் வாயை வைத்துக் கத்தும். நமக்குத் தலைவலி, அதற்குப் பாடம். தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பேரன் பேத்திகளோடு பொழுது போகிறது. ஒலியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நீளமான விளக்கம் எதுவும் தேவையில்லை, "எது ஆடுது?" என்ற ஒரு கேள்வி போதும் என்பதுதான் இத்தனை காலத்தில் எனக்குப் பிடிபட்டது.

"பொருள்கள் அதிர்வதால் ஒலி உண்டாகிறது" என்ற வரியைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பரீட்சையில் மதிப்பெண்ணும் வந்துவிடும். அதே பிள்ளையிடம், "மணி ஏன் ஒலிக்குது?" என்று கேட்டால், "அடிச்சதால" என்று பதில் வரும். அடிதான் சத்தம் என்று அது நம்புகிறது. இந்த நம்பிக்கையை வாயால் சொல்லி மாற்றுவது கடினம். கையால் மாற்றுவது சுலபம்.

பூஜைக்கு வைத்திருக்கும் பித்தளைத் தாம்பாளத்தை விரல் நுனிகளில் ஏந்திக்கொண்டு, மரக்கரண்டியால் தட்டச் சொன்னேன் பேத்தியை. நான்கு வயதுக்காரி. 'ங்ஙொய்ங்' என்று நீண்டது ஓசை.

"அடிச்சாச்சு, கரண்டியும் கீழ வெச்சாச்சு. இன்னும் சத்தம் வருதே, ஏன் கண்ணு?"

பதில் இல்லை. விளிம்பில் மெல்ல விரலை வைக்கச் சொன்னேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாட்டி, கூசுது!"

"இப்ப இறுக்கிப் பிடி."

பிடித்தாள். ஓசை பட்டென்று அடங்கியது. மறுபடி தட்டினாள், மறுபடி பிடித்தாள். அப்புறம் நிமிர்ந்து, "ஆடுறப்ப கத்துது, புடிச்சா நின்னுடுது" என்றாள். பாடப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான், ஆனால் இது அவளே கண்டுபிடித்தது. அன்று மாலைக்குள் தொண்டை, ஃபிரிட்ஜ், மிக்ஸி, தாத்தாவின் குறட்டை என்று வீட்டில் சத்தம் வரும் இடத்திலெல்லாம் கை வைத்துப் பார்த்துவிட்டாள்.

அடுத்து வரும் கேள்வி, தாம்பாளம் ஆடினால் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பது. ஒரு பாத்திரத்தின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டுங்கள். மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, பாத்திரத்தைத் தொடாமல், ரவையை ஊதிவிடாமல், பக்கத்தில் வாயை வைத்து "ஊ" என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். ரவை குதிக்கும். நடுவில் இருப்பது காற்று மட்டும்தான். ரேஷன் கடை வரிசையில் பின்னால் ஒருவர் இடித்தால் ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, இடி மட்டும் முன்வரிசை வரை போகும் இல்லையா, காற்றில் ஒலி போவதும் அப்படித்தான். அந்த இடி நம் செவிப்பறையில் வந்து படுகிறது, செவிப்பறையும் ஆடுகிறது. காற்றில் அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணி, இடி கேட்டதும் மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் மின்னியது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். மேசை விளிம்பில் ஸ்கேலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, வெளியே நீண்டிருக்கும் முனையைச் சுண்டிவிட வேண்டும். மேசையில் படபடவென்று அடித்துக்கொள்ளாதபடி அழுத்தமாகப் பிடிப்பது முக்கியம். நீளமாக விட்டால் ஸ்கேல் மேலும் கீழும் ஆடுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஓசை இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துச் சுண்டினால் 'ம்ம்ம்' என்று தொடங்கும். இன்னும் இழுத்தால் குரல் மெலிந்து உயரும், ஆட்டமோ கண்ணுக்குப் பிடிபடாத வேகத்துக்குப் போய்விடும். நொடிக்கு 20 முறைக்குக் குறைவாக ஆடுவது மனிதக் காதுக்கு எட்டாது, 20,000 முறைக்கு மேலே போனாலும் எட்டாது. இதைச் சொல்லிவிட்டு, "கொசுவும் இறக்கை அடிக்குது, பட்டாம்பூச்சியும் இறக்கை அடிக்குது. கொசு மட்டும் ஏன் காதுகிட்ட வந்து பாடுது?" என்று கேட்டுப் பாருங்கள். கொசு நொடிக்குச் சில நூறு முறை அடிக்கும், பட்டாம்பூச்சி பத்துமுறை அடித்தால் அதிகம். ஸ்கேலைச் சுண்டிப் பார்த்த பிள்ளைக்கு விடை கையிலேயே இருக்கிறது.

நாங்கள் சிறுவயதில் பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கிப் பீப்பி ஊதினோம். முளைவிட்ட மாங்கொட்டையைக் கல்லில் தேய்த்து ஊதினோம். உதடு கூசும், ஆனால் ஏன் கூசுகிறது என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நசுக்கிய இடத்தில் இலையின் இரண்டு ஓரங்களும் படபடப்பதால்தான் அந்தக் கூச்சம். நாகசுரத்தின் சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"எது ஆடுது?" என்ற கேள்வியின் அருமை கண்ணாடிப் புட்டியில் முழுதாகத் தெரியும். ஒரு புட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டுங்கள். இன்னும் தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். தண்ணீர் ஏற ஏற ஓசை தணியும். ஜலதரங்கக் கிண்ணங்களில் கலைஞர்கள் சுருதி சேர்ப்பது இந்தக் கணக்கில்தான். இப்போது அதே புட்டியின் வாயோரத்தில் ஊதிப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏற ஓசை உயரும்! ஒரே புட்டி, ஒரே தண்ணீர், விளைவு மட்டும் நேர் எதிர். படித்த பெரியவர்களே இங்கே விழிப்பார்கள். எது ஆடுகிறது என்று கேட்டால் முடிச்சு அவிழும். தட்டும்போது ஆடுவது கண்ணாடி. தண்ணீர் அதற்குப் பாரம், பாரம் கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஊதும்போது ஆடுவது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், குறைந்த காற்று வேகமாக ஆடும்.

பாரத்தின் வேலையைக் கச்சேரி மேடையிலும் காட்டலாம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து ஒட்டுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்தப் பாரம் இல்லாவிட்டால் 'தொம்' என்ற கனத்த ஓசை வராது. வலந்தலையில் உள்ள கறுப்பு வட்டமான கரணைக்கு அதைவிட நுட்பமான வேலை. சாதாரணமாக ஒரு தோலைத் தட்டினால் எழும் பலவித அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கரணையின் பாரம் அவற்றை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதை ஆராய்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். ஒளி பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1930-இல்தான். மேதைக்கும் கச்சேரி மேடையிலிருந்த ஒரு வாத்தியமே ஆராய்ச்சிப் பொருளாக இருந்திருக்கிறது.

ஒலியைத் தொட்டு அறிவது காது கேளாத பிள்ளைக்கும் ஆகும். ஸ்காட்லாந்துக் கலைஞர் எவலின் கிளெனிக்குப் பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறன் பெரும்பாலும் போய்விட்டது. அவர் மேடையில் பெரும்பாலும் செருப்பில்லாமல் நின்று, தாள வாத்தியங்களின் அதிர்வை உடம்பால் வாங்கி வாசிக்கிறார். உலகம் அறிந்த கலைஞர் அவர். வகுப்பில் காது கேளாத பிள்ளை ஒன்று இருந்தால், இந்தப் பாடத்தில் அதைப் பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். மற்றவர்களுக்கு முன்பே அதன் விரல் அதிர்வைக் கண்டுகொள்ளக்கூடும்.

வயதானவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு: தெரிந்த பதிலைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்வது. பிள்ளை தப்பாகச் சொல்லும், பேசாமல் நிற்கும், திரும்பத் திரும்பத் தட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும். பொறுத்திருந்தால் அதுவே சொல்லும். அப்படிச் சொன்னதை அது மறக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் இசைக்கவை பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை எடுத்து, ரப்பர் கட்டையில் தட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரில் அதன் முனையைத் தொடவிடுங்கள். தண்ணீர் சிதறி முகத்தில் தெறிக்கும், வகுப்பே கூச்சல் போடும். போடட்டும். அப்புறம் அதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கை மாறுவதால் இசைக்கவை தேய்ந்துபோகாது.